மூன்றாம் வரனின் முன்சக்கரம்

ஆர்யாவுக்கு வந்த முதல் வரன் சக்கரத்தில் அடிபட்டுப் போனது. இரண்டாவதும் அப்படியே. விபத்து என்று பயப்பட வேண்டாம். மாப்பிள்ளைகள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஒருவருக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது. அவர்கள் கார்ச் சக்கரம் ஆர்யாவின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பா சாம்பசிவன் முப்பத்தொரு வருஷம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இடித்தது, கவிழ்ந்தது, ஆற்றில் இறங்கியது என்று எந்த வண்டியைக் காட்டினாலும் நாலு பக்கமும் சுற்றி வருவார். பிறகு, "டிரைவர் தூங்கிட்டான்" என்றோ, "போன்ல பேசிண்டிருந்தான்" என்றோ சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பெருமையில்தான் அவர் சக்கர சாஸ்திரத்தில் இறங்கினார்.

பிரேக் போடும்போது, சக்கரத்துக்குள் சுழலும் டிஸ்க் தட்டை இறுக்கிப் பிடிக்கிற பேட் தேய்ந்து, கரிப்பொடி மாதிரி ஒரு தூசி பறந்து சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். சூட்டோடு சூடாகப் படிவதால் லேசில் போகாது. அடிக்கடி அழுத்தி பிரேக் போடுகிறவனின் சக்கரம் சீக்கிரம் கறுக்கும். இதுவரை விஞ்ஞானம். இதற்கு மேல் போனதெல்லாம் சாம்பசிவனின் சொந்தச் சரக்கு.

முதல் வரன் உள்ளூரிலேயே, பழைய கோட்டைப் பகுதியிலிருந்து வந்த வங்கி அதிகாரி. உள்ளே எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, சாம்பசிவன் வாசலில் குந்தி உட்கார்ந்து வெள்ளைக் கைக்குட்டையால் முன்சக்கரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். கைக்குட்டை மை தடவியதுபோல் வந்தது. அவர்கள் போனதும் தீர்ப்புச் சொன்னார்.

"பச்சை விழறதுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்கறவன். நாளைக்கு சாதம் குழைஞ்சா தட்டைத் தள்ளுவான். வேண்டாம்."

இரண்டாவது பெங்களூரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே வந்த என்ஜினீயர். "அவ்வளவு தூரம் வந்த சக்கரம் வேற எப்படி இருக்கும்?" என்று ஆர்யாவின் அம்மா வாலாம்பாள் கேட்டுப் பார்த்தாள். "நடுவிலே ஒரு இடத்திலே நிறுத்தித் துடைச்சிருக்கலாமே, எதுக்காக்கும் அத்தனை அவசரம்?" என்றார் அவர்.

இந்த இரண்டிலும் ஆர்யாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. டெக்னோபார்க்கில் வேலை, மாலையில் வலியசாலைக்கு பஸ், வீட்டில் ரசம் சாதம் என்று நாட்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவதாக அகில் வந்தபோதுதான் சக்கரம் அவளைக் கவலைப்பட வைத்தது.

அகிலுக்கு வீடு கரமனையில். கால்நடை மருத்துவர், விதுரா பக்கத்தில் வேலை. ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி, இருவரும் நாலு தடவை வெளியே சந்தித்தும் ஆகிவிட்டது. மூன்றாவது சந்திப்பில் ஒரு காபிக் கடையில் அவன் பேசிக்கொண்டே இருந்தவன், பாதி வாக்கியத்தில் தூங்கிவிட்டான். முதல்நாள் ராத்திரி முழுக்க ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்தானாம். பத்து நிமிஷம் அவன் தூங்க, ஆர்யா எதிரில் உட்கார்ந்து தன் காபியையும் குடித்து அவன் காபியையும் குடித்தாள். எழுந்ததும், "கன்னு நல்லா இருக்கு கேட்டோ" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கஷ்டம் என்னவென்றால் அவன் வாரத்தில் மூன்று நாள் பொன்முடி மலைக்குப் போகிறவன். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிறவர்கள் மாடு வளர்க்கிறார்கள். மாட்டை மலையிறக்கிக் கொண்டுவர முடியாது. டாக்டர்தான் ஏற வேண்டும். ஏறினால் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள். இறங்கினாலும் அதே இருபத்திரண்டு. வெள்ளி நிறத்தில் வாங்கிய அலாய் வீல் அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மலைப்பாதை என்று அப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாம். பதில் அவளுக்கே தெரியும்: 'மலையிலேர்ந்து கியர்ல இறங்கணும். பிரேக்ல இறங்கறவனுக்கு நிதானம் கிடையாது.'

வேறொன்றும் சொல்லலாம். எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்பதைக்கூட அவள் அம்மா வழியாகத்தான் அப்பாவுக்குச் சொல்லிப் பழக்கம். பிடித்திருக்கிறது என்ற வார்த்தையை எந்த வழியாக அனுப்புவது?

ஆகவே அவள் மெழுகு வாங்கினாள்.

சக்கரத்துக்கென்றே தனியாக மெழுகு விற்கிறார்கள். சுத்தமான சக்கரத்தில் அதைப் பூசிவிட்டால் கண்ணாடி மாதிரி ஒரு வழுவழுப்பு வந்துவிடும். பிரேக் தூசி மேலே உட்காரும், கடிக்காது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும். ஆர்யா நாலு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பூஜப்புரையில் தோழி ஸ்ரீலட்சுமி வீட்டு முற்றத்துக்கு அகிலை வண்டியோடு வரச் சொன்னாள். மறுநாள் அவன் வலியசாலைக்குத் தனியாக, தானே வண்டி ஓட்டி வர வேண்டும் என்று சாம்பசிவன் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சக்கரம் ரொம்ப அழுக்கா இருக்கு. நான் அலம்பித் தரேன்," என்றாள்.

"இது என்ன, ஹாபியா?" என்றான் அகில்.

"அப்படித்தான் வெச்சுக்கோங்கோ."

சக்கரம் துலக்கும் திரவத்தைத் தெளித்தவுடன் கறுப்பு, ஊதா நிறத்தில் கரைந்து வழிந்தது. அலம்பி, துடைத்து, காயவிட்டு, பிறகு மெழுகு டப்பாவை எடுத்தாள். டப்பாவில் தெளிவாகப் போட்டிருந்தது: சக்கரத்தைக் கழற்றிப் பூசுவது உத்தமம், கழற்றாவிட்டால் துணியில் தெளித்துத் தடவவும், பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது. ஆர்யா படித்தாள். படித்தபடியே முன்பக்கத்து வலது சக்கரத்துக்கு ஒவ்வொரு கம்பியின் இடுக்கிலும் துணியை நுழைத்து நுழைத்துத் தடவினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. விரல் நகம் இரண்டு போயிற்று.

பின்சக்கரங்களில் பிரேக் மூடிக்குள் இருக்கிற வகை, கவலையில்லை. அவற்றையும் முடித்து, முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு அவள் வந்தபோது அகிலுக்குப் போன் வந்துவிட்டது. ஏதோ ஒரு ஆட்டுக்கு வயிறு உப்பியிருக்கிறதாம். கரமனையில் காரை விட்டு, பையை எடுத்துக்கொண்டு பைக்கில் உடனே ஓட வேண்டும். அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆர்யா ஒரு கணம் துணியைப் பார்த்தாள், ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு டப்பாவின் மூக்கைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்து நேராக அடித்துவிட்டாள். சாரல் மாதிரி உள்ளே பரவியது. மேலே ஒரு துடை. சக்கரம் பளபளவென்று நின்றது. நாலும் ஒரே மாதிரி, ஷோரூமிலிருந்து வந்ததுபோல.

"அடிபொளி," என்று மலையாளத்தில் மெச்சினான் அகில். "இதிலே எங்க மாட்டையெல்லாம் ஏத்த முடியாது இனிமே."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வலியசாலைத் தெருவில் வண்டி வந்து நின்றது. அகில் உள்ளே வந்து நமஸ்காரம் செய்து உட்கார்ந்தான். வாலாம்பாள் நெய்யப்பம் வைத்தாள். சாம்பசிவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எதிர்பார்த்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆர்யா ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

அப்பா குந்தினார். கைக்குட்டையை எடுத்தார். இடது முன்சக்கரத்தில் ஒரு இழுப்பு. பார்த்தார். கைக்குட்டையைத் திருப்பிப் பிடித்து மறுபடி ஒரு இழுப்பு. சுற்றிப் போய் வலது பக்கமும் இழுத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அவர் எழுந்தபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஆர்யா அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அவளுக்கு வேலை கிடைத்த அன்று.

உள்ளே வந்தவர் அகிலுக்கு எதிரில் இல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பொன்முடி எத்தனை நாள் போறேள்?"

"வாரத்திலே மூணு நாள் மாமா."

"மூணு நாள் போயும் இப்படி வெச்சிருக்கேள். கேட்டியா வாலா, இருபத்திரண்டு வளைவு இறங்கி வர்ற சக்கரத்திலே பொட்டுத் தூசி இல்லே. இதுக்குப் பேர்தான் நிதானம். இனி மேல்கொண்டு பேச ஒண்ணுமில்லே."

வாலாம்பாள் மகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஆர்யாவும் சிரித்தாள். நகம் போனால் போகட்டும், காரியம் முடிந்தது.

முடியவில்லை. சாம்பசிவனுக்கு உற்சாகம் வந்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டார்.

"இன்னிக்கே ஒரு நடை போயிட்டு வந்துடலாம். பொன்முடிக்கு. உங்க வண்டியிலேதான். நான் முன்னாடி உட்கார்ந்துக்கறேன். நீங்க இறங்கற அழகை ஒரு தடவை கண்ணாலே பார்க்கணும்."

"ஓ, போலாமே மாமா," என்றான் அகில். பிறகு ஞாபகம் வந்தவனாக, "ஒண்ணே ஒண்ணு. காலம்பற கிள்ளிப்பாலத்திலே பிரேக் போட்டப்போ வண்டி வலது பக்கம் இழுத்தது. நேத்தி வரைக்கும் இல்லே. வழியிலே ஒர்க்‌ஷாப் எதாவது திறந்திருந்தா காட்டிடலாம்," என்றான்.

"ஞாயித்துக்கிழமை எந்த ஒர்க்‌ஷாப்? டயர்ல காத்து ஒரு பக்கம் குறைஞ்சிருக்கும். பங்க்ல அடிச்சுக்கலாம்."

வேறு எந்த வண்டியாக இருந்தாலும் சாம்பசிவன் இந்த வார்த்தைக்கு எழுந்து ஓடியிருப்பார். சுத்தமான சக்கரம் அவர் கண்ணைக் கட்டிவிட்டிருந்தது.

வாலாம்பாள் வழிக்காகத் தூக்குப் பாத்திரத்தில் முறுக்கை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆர்யா கையில் எடுத்த தண்ணீர்ப் பாட்டிலோடு அப்படியே நின்றாள். வலது பக்கம் இழுக்கிறது. வலது சக்கரம் பிடிக்கிறது, இடது சக்கரம் பிடிக்கவில்லை. வலதில் அவள் துணியால் தடவினாள். இடதில் டப்பாவால் அடித்தாள். மெழுகு எங்கே போயிருக்கும் என்று இப்போது யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரேக் டிஸ்க்கில் வழுவழுவென்று உட்கார்ந்திருக்கிறது.

ஊருக்குள் மெதுவாகப் போகிறவரை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். மலையில்?

சொன்னால் அப்பா இப்போதுதான் கொடுத்த வார்த்தை போகும். மெழுகு என்று சொன்னால் ஏன் மெழுகு என்பார். தலைவலி என்று சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அகில் நாளைக்குக் காலை ஏழு மணிக்கு இதே வண்டியில் தனியாக மலை ஏறுவான். அந்த எண்ணம் வந்த வழியே போய்விட்டது.

வெளியே வந்தபோது அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அகில் சாவியைப் போட்டுவிட்டான்.

"அப்பா, இறங்குங்கோ," என்றாள் ஆர்யா.

"என்னத்தை மறந்தே?"

"மறக்கலே. பிரேக்ல மெழுகு இருக்கு. நான்தான் அடிச்சேன். நேத்தி சக்கரத்துக்குப் பூசறப்போ இடது பக்கம் நேரா உள்ளே அடிச்சுட்டேன். டிஸ்க்ல பட்டிருக்கும். அதான் வலது பக்கம் இழுக்கறது."

அகில் சாவியைத் திருப்பி எடுத்து மேல்பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். சாம்பசிவன் பெல்ட்டைக் கழற்றி, நிதானமாக இறங்கி, கதவைச் சாத்தினார்.

"சக்கரத்துக்கு எதுக்கு மெழுகு?"

"நீங்க துடைச்சுப் பார்ப்பேள்னு."

சாம்பசிவன் அகில் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா இது?"

"அழுக்கா இருக்கு, அலம்பறேன்னா மாமா. பெண் பார்க்க வர்றப்போ வண்டியும் குளிச்சுட்டு வரணும் போலன்னு நினைச்சேன்."

"அலம்பறதுக்கு முன்னாடி எப்படி இருந்தது?"

"கறுப்பா."

"எவ்வளவு கறுப்பு?"

அகில் யோசித்தான். "மாமியோட தோசைக்கல் மாதிரின்னு வெச்சுக்கலாம்."

"என் தோசைக்கல்லை ஏன் இதிலே இழுக்கறேள்?" என்றாள் வாலாம்பாள்.

சாம்பசிவன் சிரிக்கவில்லை. "அப்போ மலையிலேர்ந்து பிரேக்ல கால் வெச்சுண்டேதான் இறங்கறேள்."

"ஆமா மாமா. ரெண்டாவது கியர்லதான் இருப்பேன். இருந்தாலும் பள்ளத்தைப் பார்த்தா கால் தானா பிரேக்குக்குப் போயிடும். பயம்தான். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழி விட்டுடுவேன்."

வாலாம்பாள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன். முப்பத்தொரு வருஷம் நீங்க பார்த்தது பூரா இடிச்ச வண்டியாக்கும். இடிக்காத வண்டியை யாராவது உங்ககிட்டே கொண்டுவந்து காட்டினாளா? அதோட சக்கரமும் கறுப்பா இருந்ததா வெள்ளையா இருந்ததான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வண்டி இல்லையா? அதோட சக்கரத்தைப் பாரு."

"மாசத்துக்கு ஒரு தடவை கோவில் வரைக்கும் போற வண்டி. அது எங்கேர்ந்து கறுக்கும்? அதுக்குத் துருதான் பிடிக்கும்."

எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ மெல்ல இருமினார்கள். சாம்பசிவன் கைக்குட்டையை மடித்து, மடித்ததை இன்னும் ஒரு தடவை மடித்தார்.

ஆர்யாவின் கையில் தண்ணீர்ப் பாட்டில் திறக்காமலே இருந்தது. மெழுகு பூசியதைச் சொன்னதே பெரிய காரியம் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரியது மிச்சம் இருந்தது.

"அப்பா, சக்கரம் கறுப்போ வெளுப்போ, எனக்குச் சாரமில்லே, எப்படியிருந்தாலும் சரி. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ல முடியாமத்தான் அந்த மெழுகு."

சாம்பசிவன் பழக்கதோஷத்தில் மனைவியின் பக்கம் திரும்பினார். மகள் பேச்சு எப்போதும் அங்கிருந்துதான் அவருக்கு வரும்.

"என்னைப் பார்க்காதீங்கோ," என்றாள் வாலாம்பாள். "உங்ககிட்டேதான் சொல்றா."

அவர் மகளை நேராகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை நேத்திக்கே சொல்லியிருந்தா ஒரு டப்பா மெழுகு மிச்சமாயிருக்கும்," என்றார்.

அது சம்மதமா, கோபமா என்று ஆர்யாவுக்குப் புரியவில்லை. அவர் அதற்குள் அகிலிடம் போய்விட்டார். "சரி, இப்போ வண்டியை என்ன பண்ணறதா இருக்கேள்?"

"டிக்கியிலே ஸ்பிரிட் இருக்கு மாமா. ஊசி போடறதுக்கு முன்னாடி துடைக்கறது. சக்கரத்தைக் கழட்டி டிஸ்க்கை அதாலே துடைச்சுடலாம். ஆனா பேட்ல மெழுகு ஊறியிருந்தா துடைச்சுப் போகாது. நாளைக்கு மெக்கானிக் வந்து அதை மாத்தற வரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும். நீங்க ஆசையாக் கேட்டேள், கோவிச்சுக்காதீங்கோ. இந்த வண்டியிலே இன்னிக்கு நான் யாரையும் ஏத்த மாட்டேன்."

சாம்பசிவன் கைக்குட்டையைப் பாக்கெட்டில் போட்டார். எத்தனை கல்யாண வேன், எத்தனை சுற்றுலாக் கார். கவிழ்ந்து கிடந்த அவற்றின் பக்கத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும், கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் நினைத்ததுண்டு. முப்பத்தொரு வருஷத்தில் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. கேட்க வழியும் இல்லை. அப்படிச் சொல்கிறவன் வண்டி அவரிடம் வந்தே இருக்காது. வாலா சொன்னது அதைத்தான்.

"ஜாக்கி எடுங்கோ மாப்பிள்ளே," என்றார். "ஸ்பானர் நான் கொண்டு வரேன்."

வாலாம்பாள் மகளின் இடுப்பில் லேசாகக் கிள்ளினாள். ஆர்யா அப்போதுதான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

சக்கரம் கழன்றது. டிஸ்க்கில் விரலை வைத்து இழுத்தபோது வெண்ணெய் தடவின மாதிரி இருந்தது. பஞ்சு பஞ்சாக ஸ்பிரிட்டில் நனைத்து ஆர்யாவே துடைத்தாள். தெருவே ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. பேட்டைப் பார்த்துவிட்டு மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். மாற்றத்தான் வேண்டும்.

கை கழுவிவிட்டு வந்தபோது மணி பன்னிரண்டு. "பொன்முடி எங்கேயும் ஓடிப்போகாது," என்றார் சாம்பசிவன். "கரமனைக்குப் போயிட்டு வந்துடலாம். உங்க அம்மாகிட்டே நேர்ல சொல்றதுதான் மரியாதை. நம்ம வண்டியிலே போகலாம். எனக்கு விரல்ல ஜாக்கி அமுக்கிடுத்து. நீங்களே ஓட்டுங்கோ."

அப்பாவின் கார் பதினாறு வருஷத்துப் பழசு. அகில் சீட்டை முன்னால் நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பி, இரண்டு தடவை பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினான். தெருமுனையில் ஒரு பூனைக்காக நின்றான். மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன், வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்காக நின்றான். பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அகில் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டான்.

கிள்ளிப்பாலம் சிக்னல் சிவப்பாவதற்கு முன்பே, மஞ்சளைப் பார்த்தவுடன் அவன் கால் பிரேக்குக்குப் போயிற்று. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஆர்யாவுக்கு இன்னொரு காலும் தெரிந்தது. பக்கத்து சீட்டில் அப்பாவின் கால், அங்கே பிரேக் எதுவும் இல்லாத தரையில், அதே நேரத்தில் அதே அழுத்தத்தில் ஊன்றியிருந்தது. அகிலும் அதைப் பார்த்துவிட்டான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டு பேருமா பிரேக் போட்டா கரமனை போய்ச் சேர்ந்த மாதிரிதான்," என்றாள் வாலாம்பாள்.

"மெதுவாப் போனா என்ன? ராகுகாலம் சாயங்காலம்தானே," என்றார் சாம்பசிவன்.